ஆர்வி பம்ப், ஹீட்டர் போச்சு என்றால் பணம் கட்டுமுன் வால்வைப் பாருங்கள்

கனடாவில் ஆர்வி (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. இலையுதிர் காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் குளிரில் உறைந்து வெடிக்காமல் இருக்க ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஏற்றிய அதே சர்வீஸ் கடை, மே மாதம் நீட்டிய எஸ்டிமேட்: புது பம்ப், புது வாட்டர் ஹீட்டர். இரண்டும் கெடவே இல்லை. கடையில் திருப்பி வைக்காமல் விட்ட வால்வுகள்தான் காரணம்.

பம்ப் ஓடியும் தண்ணீர் வரவில்லையா? பம்புக்குள் தண்ணீர் நுழையும் பக்கம் மூவழி வால்வு ஒன்று இருக்கும். ஒரு வழி டேங்குக்கு, மற்றது ஆன்டிஃப்ரீஸ் கேனில் விடும் சின்ன ஹோஸுக்கு. கைப்பிடி ஹோஸ் பக்கமே நின்றால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். டேங்க் பக்கம் திருப்புங்கள், போதும்.

ஹீட்டரில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பின்பக்கம் பெரும்பாலும் மூன்று வால்வு: குளிர்நீர் உள்ளே, சுடுநீர் வெளியே, இரண்டையும் இணைத்து, ஹீட்டருக்குள் போகாமலே தண்ணீரை விடும் பைபாஸ். கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பயன்படுத்தும் காலத்தில் முதல் இரண்டும் திறந்து, பைபாஸ் மூடியிருக்க வேண்டும், குளிர்காலத்தில் நேர்மாறு. பைபாஸ் பாதி திறந்திருந்தாலே சுடுநீரில் குளிர்நீர் கலந்து, குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஹீட்டர் மேல் பழி விழுவது இப்படித்தான். முழுதும் பைபாஸில் விட்டிருந்தால் ஹீட்டர் டேங்க் காலி. அப்போது கரண்ட் சுவிட்சைப் போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் நிஜமாகவே கருகிவிடும், கடைக்காரரின் பொய் உண்மையாகிவிடும். "டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன்" என்று யாரையும் போட விடாதீர்கள். வால்வுகளைச் சரி செய்து, சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுக்க வெளியேறித் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச்.

பில்லையும் வரிவரியாகப் படியுங்கள். பைபாஸ் போட்டால் பல வண்டிகளுக்கு 2 முதல் 3 கேலன் ஆன்டிஃப்ரீஸ் போதும். 8, 9 கேலன் என்று எழுதியிருந்தால், ஹீட்டர் டேங்குக்குள்ளேயே ஊற்றியிருக்கிறார்கள், இல்லை கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனோட் ராடு (டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் அரிந்துபோகும் உலோகக் கம்பி) மாற்றியதாக இருந்தால் பழையதைக் கேளுங்கள். சபர்பன் கம்பெனி ஹீட்டரின் டேங்க் எஃகு, அதற்கு ராடு வேண்டும். அட்வுட் கம்பெனி டேங்க் அலுமினியம், அதில் வெறும் பிளாஸ்டிக் பிளக்தான்.

கடையை விட்டுக் கிளம்புமுன் எல்லாக் குழாயையும் மூடி பம்பைப் போடுங்கள். அழுத்தம் ஏறியதும் அது நிற்க வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் அவ்வப்போது ஓடி ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. வண்டிக்கு அடியில் இருக்கும் வடிகால் வால்வுகளை முதலில் பாருங்கள்.