இறகு இல்லாத சம்மிட் சூட்: எட்டாயிரம் மீட்டருக்குத் தாங்குமா?

விலங்குப் பொருள் எதையும் தொடாத வீகன் மலையேறி என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, புரதத்துக்கு என்ன செய்வீர்கள் என்றுதான். சாப்பாட்டுக்கு வழி அடிவார முகாமிலேயே உண்டு. இழுபறியெல்லாம் உடையில். எட்டாயிரம் மீட்டர் சிகரங்களின் மேல் முகாம்களில் போடும் சம்மிட் சூட், தலைமூடி முதல் கணுக்கால் வரை ஒரே துண்டாக வருவது. காலங்காலமாக அதற்குள் வாத்தின் மென்தூவியைத்தான் அடைத்துத் தைக்கிறார்கள். மும்பையைச் சேர்ந்த வீகன் மலையேறி குந்தல் ஜொய்ஷர் 2016 மே மாதம் நேபாளப் பக்கமாக எவரெஸ்ட் ஏறினார். பிறகு இத்தாலியின் சேவ் த டக் நிறுவனம் அவருக்காக இறகே இல்லாத சூட் ஒன்றைத் தைத்துக் கொடுத்தது. 2019 மே மாதம் அதைப் போட்டுக்கொண்டு, இம்முறை திபெத் பக்கமாக, மறுபடியும் உச்சியைத் தொட்டார். ஆகவே தாங்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. எப்படிப்பட்ட சூட் தாங்கும், எங்கே காலை வாரும் என்பதைத்தான் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட மாடலை அல்ல, செயற்கை இழை சம்மிட் சூட் என்ற பொருளையே இங்கே எடை போடுகிறோம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செயற்கை நிரப்பு இரண்டு வகை. ஒன்று குட்டை இழை: பஞ்சு போல மென்மையாக இருக்கும், நன்றாக மடங்கும், உடம்போடு ஒட்டி நிற்கும். 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காகத் தூவிக்கு மாற்றாக உருவான பிரைமாலாஃப்ட் இந்தக் குடும்பம். இன்னொன்று தொடர் இழை: கிளைமாஷீல்ட் போன்றவை. அறுபடாத ஒரே இழை தாளாகப் படிந்திருக்கும். தொட்டால் சற்று விறைப்பு, ஆனால் பிய்ந்து நகராது. அதனால் குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டு அதைப் பிடித்து வைக்க வேண்டிய தேவை குறைவு. நீண்ட பயணத்துக்கு நாங்கள் கைநீட்டுவது தொடர் இழைக்குத்தான். குட்டை இழை முதல் வாரம் இதமாக இருக்கும். ஒரு மாதம் பைக்குள் அமுங்கிக் கிடந்தபின் அதன் தடிமன் சட்டென்று இறங்கிவிடும்.

தூவி எவ்வளவு உப்பி எழும் என்பதைக் காட்டும் ஃபில் பவர் எண்ணால், 800, 900 என்று அதன் தரத்தைச் சொல்வார்கள். செயற்கை நிரப்புக்கு அந்த எண் பொருந்தாது. சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் கேட்க வேண்டும். கடைக்காரர் "900 ஃபில்லுக்குச் சமம்" என்று மட்டும் சொன்னால், கிராம் கணக்கைச் சொல்லுங்கள் என்று நின்று கேளுங்கள். சூட் தரும் கதகதப்பை அளக்கும் அலகு க்ளோ. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடைக்கு 1 க்ளோ. தொடர் இழை நிரப்பில் 200 கிராம் தாள் ஏறத்தாழ 4.8 க்ளோ தரும். 133 கிராம் தாள் சுமார் 3.2. எங்கள் கணக்கில், நடுவுடலில் 200 கிராம் தாள் இரண்டு அடுக்கும் கைகால்களில் 200-ம் 100-மாக இரண்டு அடுக்கும் இல்லாத சூட்டை எட்டாயிரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏறிக்கொண்டிருக்கும்போது எந்தச் சூட்டும் போதும். நெரிசலில் கயிற்றைப் பிடித்தபடி ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் நிற்கும்போதுதான் அதன் தகுதி தெரியும்.

எடையில் தூவிதான் ஜெயிக்கும், அதை மறைத்துப் பேசக் கூடாது. நல்ல தூவி சூட் 2 கிலோவை ஒட்டி வரும். அதே சூட்டைச் செயற்கை இழையில் கேட்டால் 3 கிலோ பக்கம் போகும். அதைவிடப் பெரிய தலைவலி இடம். தூவியை அமுக்கினால் குட்டியாகிவிடும், உதறினால் எழுந்துவிடும். செயற்கை இழையை அமுக்கினால் முழுதாக எழாது. ஒவ்வொரு அமுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும், வெப்பத்தோடு சேர்த்து அமுக்கினால் இன்னும் வேகமாக. கம்ப்ரஷன் பட்டையை இழுத்துக் கட்டி அடிவார முகாம் வரை கொண்டுபோவதுதான் இந்தச் சூட்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். பெரிய டஃபிள் பையில் தளர்வாக, மற்றச் சாமான்களுக்கு மேலே வையுங்கள். இரண்டாம் முகாமிலிருந்து மேலே தூக்கும்போது வேறு வழியில்லை, அமுக்கித்தான் ஆக வேண்டும்; அது இரண்டு மூன்று முறை என்றால் தாங்கும். வீட்டில் பைக்குள் அடைக்காமல் ஹேங்கரில் தொங்கவிட வேண்டும்.

இனி இது தூவியை மிஞ்சும் இடம்: ஈரம். எவரெஸ்ட் பயணம் ஒன்றரை, இரண்டு மாதம் நீள்கிறது. மேல் முகாம்களில் சூட்டோடு தூங்குவது சாதாரணம். உடம்பிலிருந்து கிளம்பும் ஆவி சூட்டின் வெளி அடுக்கை நெருங்கும்போது குளிர்ந்து நீராகி, அங்கேயே உறைகிறது. கூடாரத்தின் உள்சுவரில் படிந்த உறைபனி காலையில் தலையில் கொட்டுகிறது. தூவி இதையெல்லாம் குடித்துக் கட்டியாகிவிட்டால் வெயிலில் பல மணி நேரம் போட்டுத் தட்டித் தட்டித்தான் மீட்க முடியும். செயற்கை இழை நீரைக் குடிப்பதில்லை. நனைந்தாலும் பெருமளவு தடிமன் நிற்கும், சீக்கிரம் காயும். இரண்டாம் முகாமுக்குப் போகும் வெஸ்டர்ன் கும் பள்ளத்தாக்கில் காற்றில்லாத மதியத்தில் பனி கண்ணாடி போல வெயிலைத் திருப்பியடித்து 30 டிகிரிக்கு மேல் சுடும். அங்கே சூட்டைப் பாதி இறக்கி வியர்வையோடு நடப்பவருக்கு இந்த வித்தியாசம் அன்று இரவே தெரிந்துவிடும். பூட்ஸின் அடியில் மாட்டும் கிராம்பான் முள்ளின் முனை கெண்டைக்காலில் கிழித்தாலும் இறகு பறக்காது. நைலான் ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டிவிட்டு நடக்கலாம்.

தையலைக் கையால் தடவிப் பாருங்கள். வெளித்துணியிலிருந்து உள்துணி வரை ஒரே தையல் ஊடுருவினால் அந்தக் கோடு முழுக்கக் குளிர் இறங்கும். இரண்டு அடுக்குகளின் தையலும் ஒன்றுக்கொன்று தள்ளி விழுந்திருக்க வேண்டும். அடுத்து, கயிற்றோடு இணைத்துக்கொள்ளப் போடும் பட்டைக் கச்சையான ஹார்னஸ். இடுப்பிலும் தொடையிலும் அது இறுக்கும் இடத்தில் நிரப்பு நாள் முழுக்க அமுங்கிக் கிடக்கும். பைப்பட்டை தோளில் அதையே செய்யும். தூவியாவது கழற்றியதும் எழும். செயற்கை இழையில் அந்த இடங்கள் நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். தோள், இடுப்பு, பின்புறம் மூன்றிலும் கூடுதல் அடுக்கு தைத்த சூட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தையல்காரரிடம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

பலரும் கடையில் பார்க்க மறப்பது மோவாய்ப் பகுதி. ஆக்சிஜன் மாஸ்க்கின் வெளிமூச்சு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் மார்பில் விழும். மைனஸ் 30-ல் அது விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகி, ஜிப்பின் பற்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அப்புறம் உள்பையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுக்க முடியாது. ஜிப் பெரிய பிளாஸ்டிக் பற்களோடு, இருபக்கமும் திறப்பதாக, மேலே அகலமான மடிப்புத் துணியோடு இருக்க வேண்டும். இழுப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், தடித்த மிட்டன் போட்ட கைக்கு அதுதான் பிடி. உள்ளே 1 லிட்டர் பாட்டில் இரண்டு தாங்கும் வலைப்பை கட்டாயம். பின்பக்க ஜிப்பை ஹார்னஸைக் கழற்றாமல் திறக்க முடிகிறதா என்பதைக் கடையிலேயே ஹார்னஸ் போட்டுச் சோதியுங்கள். வெட்கப்படுகிற விஷயமல்ல இது. முழங்காலை மார்பு வரை தூக்கி, இரு கையையும் தலைக்கு மேல் நீட்டும்போது முதுகில் துணி இழுத்தால் அளவு சிறிது. இழுபடும் இடத்தில் நிரப்பு அமுங்கும், சூடு போகும்.

கையுறையில்தான் சந்தை இன்னும் பின்தங்கியிருக்கிறது. நல்ல எக்ஸ்பெடிஷன் மிட்டன்களில் பெரும்பாலும் உள்ளங்கை ஆட்டுத்தோல். செயற்கைத் தோல் கடுங்குளிரில் விறைத்து, வழி நெடுகக் கட்டி வைத்திருக்கும் ஃபிக்ஸட் ரோப்பில் பனி பூசியிருந்தால் வழுக்கும். இறங்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிச் சறுக்கினால் உரசல் வெப்பத்தில் உருகவும் செய்யும். கெவ்லார் என்ற வெப்பம் தாங்கும் இழையால் ஒட்டு வைத்த உள்ளங்கையைத் தேடுங்கள். கைச்சுற்றில் இறங்கும் பழக்கத்தை விட்டு ஃபிகர் எட்டு கருவியில் இறங்குங்கள். கைக்கும் மிட்டனுக்கும் நல்லது. பூட்ஸில் வெளிப்புறம் முழுக்கச் செயற்கையாக இருந்தாலும் பசை, உள்ளட்டை, கம்பளி ஃபெல்ட் என்று ஒளிந்திருக்கும். பசையைப் பற்றித் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது தவிர வேறு வழியில்லை. கம்பளி உள்ளட்டையை எடுத்துவிட்டு நுரை அட்டை போடலாம். உள்ளாடைக்கு மெரினோ ஆட்டுக் கம்பளிக்குப் பதில் பாலியெஸ்டர் போதும். நாற்றம் வரும், அதற்காக ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் ஒட்டியிருக்கும் ஐஎஸ்ஓ 23537 வெப்பநிலையை மட்டும் நம்பி மேல் முகாமுக்கு வாங்காதீர்கள். கடுங்குளிர்ப் பயணப் பைகள் அந்தத் தர வரையறைக்குள் வருவதில்லை. ஒரே பிரம்மாண்டப் பைக்குப் பதிலாக, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு செயற்கைப் பைகள் நன்றாக வேலை செய்யும்: ஆவி உறையும் இடம் வெளிப்பைக்குத் தள்ளிப்போகும், உள்பை உலர்ந்திருக்கும். பட்டு லைனருக்குப் பதில் பாலியெஸ்டர் லைனர். காற்றடைக்கும் மெத்தை வாங்கும்போது உள்ளே தூவி உண்டா என்று கேளுங்கள், சில மாடல்களில் இருக்கும். அதன் கீழே நுரைப்பாய் ஒன்று போட்டால் இரண்டின் ஆர் மதிப்பும், அதாவது குளிர் தடுக்கும் திறனும், ஒன்றோடொன்று கூடும். மெத்தை ஓட்டையானாலும் பாய் காப்பாற்றும்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 5,364 மீட்டர் அடிவார முகாமில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். 7,200 மீட்டரில் 76-க்கும் 77-க்கும் நடுவில். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது. ஆகவே முகாம் சமையலறையில் குக்கர் இருக்கிறதா என்பதை முன்பணம் கட்டும் முன்பே உறுதி செய்யுங்கள். உறைய வைத்து உலர்த்திய பாக்கெட் உணவுக்கு மேல் முகாமில் பாக்கெட்டில் எழுதியதைப்போல் இரு மடங்கு நேரம், அதுவும் சூட்டுக்குள்ளோ துணிப்பைக்குள்ளோ பொதிந்து வைத்து. தால் பாத் வீகன்தான், நெய் தாளிப்பைத் தவிர்த்தால். நூடுல்ஸ் மசாலாப் பொட்டலத்தில் பால்பொடியோ கோழிப்பொடியோ இருக்கலாம், பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். உயரத்தில் கொழுப்பு இறங்காது, மாவுச்சத்துதான் இறங்கும். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு மாவுச்சத்து சுமார் 5 கிலோகலோரி தரும், கொழுப்பு 4.7. இந்த விஷயத்தில் தாவர உணவுக்காரருக்குக் குறையே இல்லை. உயரத்தில் உடல் புதிய சிவப்பணுக்களை ஆக்க இரும்பைக் கேட்கும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பி12-ம் பார்த்து, குறைந்தால் மருத்துவர் சொன்ன அளவில் ஏற்றிக்கொள்ளுங்கள். டி3 மாத்திரை பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது. பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கனிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது.

மருந்துப் பெட்டியில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். உயர நோய்க்கான அசெட்டாசோலமைட், டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகளில் லாக்டோஸ் இருக்கக்கூடும், காப்ஸ்யூல் என்றால் ஜெலட்டின். மூளை வீங்கிக்கொண்டிருப்பவருக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர். வீகன் சொசைட்டியின் வரையறையிலேயே "இயன்றவரை, நடைமுறைக்கு ஏற்றவரை" என்ற சொற்கள் இருக்கின்றன. இதைக் கூடாரத் துணையிடமும் ஷெர்பாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நினைவு தடுமாறும் நேரத்தில் அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்காமல் கொடுக்க வேண்டும்.

சூட்டுக்குத் திரும்பினால், முதல் முறை எட்டாயிரம் போகிறவருக்கும், ஒரு பருவத்துக்கு ஒரு மலை ஏறுகிறவருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். வருடத்துக்கு மூன்று மலை ஏறும் தொழில்முறை வழிகாட்டிக்கு இரண்டு மூன்று பருவத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். தூவி சூட்டைப் பார்த்துக்கொண்டால் அதைவிட நெடுநாள் வரும். மாற்றும் நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: புதிதாக வாங்கியதும் மேசையில் பரப்பி, நெஞ்சு, தோள், தொடை மூன்றிடத்தில் ஸ்கேல் வைத்துத் தடிமனைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில், மென்மையூட்டி சேர்க்காமல் துவைத்து, நிழலில் காயவைத்து, ஒரு நாள் தொங்கவிட்டு மறுபடி அளங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அந்தச் சூட்டை ஆறாயிரம் மீட்டர் மலைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.