டிரான்ஸ்பார்மருக்கு ஏசி, டிசி, வெட்டிய டிசி

பழைய எலிமினேட்டரில் (பேட்டரிக்குப் பதிலாகச் சுவரில் செருகும் பெட்டி) கழற்றிய 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. அதன் பிரைமரிக்கு, அதாவது கரண்ட் உள்ளே போகும் காயிலுக்கு, 230 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரம்) கொடுத்தால் மெல்லிய ரீங்காரத்தோடு வேலை செய்யும். அதே பிரைமரியை 9 வோல்ட் பேட்டரியில் தொட்டு, கரண்ட் வெளியே வரும் காயிலான செகண்டரியில் முள் மீட்டரை வைத்துப் பார்த்தேன். தொட்டதும் முள் ஒரு துள்ளு துள்ளியது, அப்புறம் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. பேட்டரியை எடுத்தபோது எதிர்ப்பக்கம் இன்னொரு துள்ளு. கம்பியை வெறும் விரலால் பிடித்திருந்ததால் எனக்கும் சுள்ளென்று ஒன்று கிடைத்தது. 1831இல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு காயில் சுற்றிப் பார்த்ததும் இந்தத் துள்ளலைத்தான்.

இரண்டு காயிலுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. இரும்பில் உள்ள காந்தப்புலம் கூடினாலோ குறைந்தாலோதான் செகண்டரியில் வோல்டேஜ் பிறக்கும். ஏசி 50 ஹெர்ட்ஸில் முன்னும் பின்னும் புரள்வதால் புலம் ஓயாமல் மாறுகிறது. பேட்டரி தருவதுபோல் ஒரே திசையில் ஓடும் டிசியில் புலம் உண்டு, அசைவு இல்லை.

வேலை செய்யாததோடு விட்டால் பரவாயில்லை. ஏசியில் மாறும் புலமே பிரைமரியிலும் ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கிக் கரண்ட்டைக் கட்டிப்போடுகிறது. டிசிக்கு அந்தக் கடிவாளம் இல்லை, செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான். பிரைமரி 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் டிசியில் 2.3 ஆம்பியர் ஓடும். 529 வாட் சூடு. உள்ளங்கையில் அடங்கும் சாமான் அது. முதலில் வார்னிஷ் வாடை, அப்புறம் புகை. தயவுசெய்து செய்து பார்க்காதீர்கள்.

சரி, டிசி தோற்றதா? மொபைல் சார்ஜர் வீட்டு ஏசியை முதலில் சுமார் 325 வோல்ட் டிசியாக்குகிறது. அதை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டித்தான் உள்ளேயுள்ள குட்டி டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கிறது. அவ்வளவு வேகமாக மாறினால் துண்டு ஃபெரைட்டும் (காந்தப் பீங்கான்) கொஞ்சம் கம்பியும் போதும். எலிமினேட்டரின் இரும்புக் கனம் தேவையில்லை. பழைய அம்பாசடர் காரின் இக்னிஷன் காயிலும் இந்த ரகம்தான்: காண்டாக்ட் பாயிண்ட் என்ற சுவிட்ச் திறக்கிற கணத்தில், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பல ஆயிரம் வோல்ட் பொறி.

என் தீர்ப்பைக் கேட்டால், வீட்டுக்குள் வெட்டிய டிசி ஜெயித்துவிட்டது. தெருமுனையில் 11,000 வோல்ட்டை 433 ஆக்க, வெட்டும் சர்க்யூட் எதுவும் வேண்டாத ஏசியே மலிவு. நெடுந்தூரத்துக்கு மட்டும் டிசி மறுபடி வருகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டிசி லைன் வருகிறது. 6,000 மெகாவாட் தாங்கும். ஆனால் புகளூர் வந்ததும் அதை ஏசியாக்கித்தான் ஊருக்குள் அனுப்புகிறார்கள்.