ராஜ வீதி சந்துல ஒரு தங்க நகை ஆசாரி பட்டறை: 5க்கு 4 ஸ்டார்

போர்டு கிடையாது, பேரும் கிடையாது, அதனால நானும் பேரு போடல. கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் ராஜ வீதில இருந்து உள்ள போற ஒரு சந்து, இருட்டு மாடிப்படி ஏறுனா பத்துக்குப் பத்து ரூம், நாலு பேரு சம்மணம் போட்டு வேலை பாக்கறாங்க, நடுவுல வயசானவர் ஒருத்தர், அவரு தான் ஆசாரி. அம்மாவோட செயின் ரிப்பேருக்கு போனோம். வேலை சின்னது தான், ஆனா ரிவ்யூ நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல எதுக்கு அங்க போனோம்னு சொல்லிடறேன். 1994ல அம்மா கல்யாணத்துக்கு போட்ட ரெண்டரை பவுன் செயின். ஹால்மார்க்கே 2000ல தான் வந்துச்சு, அதனால முத்திரை ஒண்ணும் இல்ல. ஏழு எடத்துல கண்ணி தேஞ்சு விட்டுப்போச்சு. பெரிய ஏசி கடை ஒண்ணுல (எந்த கடைன்னு கேக்காதீங்க) எக்ஸ்சேஞ்சுக்கு கேட்டோம். மெஷின்ல வச்சு பாத்துட்டு "80 டச் தான் மேடம் வருது"ன்னுட்டாங்க. டச்னா நூத்துல எத்தன பங்கு சுத்தத் தங்கம்ங்கற கணக்கு. 20 கிராம் செயின் 916 (அதாவது 91.6 டச்) கணக்குல 17.5 கிராமா சுருங்கிருச்சு. புதுசுக்கு சேதாரம் 14%, அது ஒரு 2.8 கிராம். ஆக அதே எடைல செயின் வாங்க கையில இருந்து 5 கிராமுக்கு மேல போடணும், அதுக்கு மேல 3% ஜிஎஸ்டி வேற. மாம்பழ ஜூஸ் குடுத்தாங்க, ஜூஸ் நல்லா இருந்துச்சு.

சரி, விட்டுப்போன கண்ணிய பத்த வச்சு ஒட்டியே போட்டுக்கலாம்னு ஆபீஸ்ல ஒரு அக்கா இந்த பட்டறைய சொன்னாங்க. அம்மா ஒத்துக்கவே இல்ல. "தாய்ப்பொன்னுலயே மாப்பொன்னு திருடுவான் தட்டான், தெரியாதா கண்ணு உனக்கு"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. எங்க பாட்டி சொன்னது, அவங்க பாட்டி சொன்னது. டாக்டர், டீச்சர், விஞ்ஞானிய நம்பறோம் அரசியல்வாதிய நம்பலன்னு இப்சோஸ் மாதிரி ஆளுங்க வருஷா வருஷம் சர்வே போடறாங்க, தங்கவேலை பாக்கறவங்கள யாரும் அதுல சேக்கறதில்ல, சேத்திருந்தா எங்க வீட்டு ஓட்டுல அரசியல்வாதிக்கும் கீழ தான் போயிருப்பாங்க. கடைசில ஒரு கண்டிஷனோட அம்மா வந்தாங்க: வேலை முடியற வரைக்கும் கண்ணெடுக்காம ரெண்டு பேரும் பக்கத்துலயே உக்காரணும்.

உக்காந்தோம். ஆசாரி செயின வாங்கி திருப்பி திருப்பி பாத்தாரு, உரைகல்லுல லேசா தேச்சாரு, டச் எவ்வளவுன்னு வாயவே தொறக்கல. "ஏனுங்க அக்கா, நான் சொன்னா நம்ப மாட்டீங்க, ரெண்டு தெரு தள்ளி ஹால்மார்க் சென்டர் இருக்கு, 200 ரூவா, போய் பாத்துட்டு வந்துருங்க"ன்னாரு. நம்ம நகைய நாமளே கொண்டுபோய் டெஸ்ட் பண்ணலாம்ங்கறதே எனக்கு அன்னைக்கு தான் தெரியும். போனோம். 85.2ன்னு பேப்பர் குடுத்தாங்க. 80 எங்க, 85 எங்க, 20 கிராமுல சுளையா ஒரு கிராம் சொக்கத்தங்கம் வாய் வார்த்தைலயே காணாம போகப் பாத்திருக்கு. (ஆசாரி அந்த கடைய திட்டலங்கறதையும் சொல்லணும். பொடி (கண்ணிய ஒட்ட வைக்கற கலப்புத் தங்கம்) வச்ச எடத்துல மெஷின் பட்டா கம்மியா தான் காட்டும், வேணும்னு பண்ணாங்களோ அவசரத்துல பண்ணாங்களோன்னு விட்டுட்டாரு. நான் விடல, அதான் எழுதறேன்.)

அப்புறம் எடை. ஃபேன ஆஃப் பண்ணிட்டு கண்ணாடி மூடி போட்ட தராசுல வச்சாரு, 20.080 கிராம். அம்மாவ விட்டே ஒரு நோட்டுல எழுத வச்சாரு. பூந்திக்கொட்டை தண்ணில ஊறப்போட்டு பிரஷ் போட்டு கழுவிட்டு திரும்ப வச்சா 19.930. அம்மா மூஞ்சி மாறிருச்சு. அவரு அசரல, கிண்ணத்த நீட்டுனாரு, முப்பது வருஷ மஞ்சளும் வேர்வையும் பவுடரும் கறுப்பா மெதந்துச்சு. "இந்த 150 மில்லிகிராமுக்கு தான் அக்கா எங்க அப்பன் காலத்துல இருந்து பேச்சு வாங்கறோம்"னாரு.

பொடி வச்சு ஊதறத பக்கத்துல உக்காந்து பாக்கணுங்க. அரிசி மணில கால்வாசி சைஸ்ல பொடி, வெங்காரம் தொட்டு கண்ணில வைக்கறாரு, குழாய்ல ஊதுனா நெருப்பு ஊசி மாதிரி போய் அந்த ஒரு எடத்துல மட்டும் விழுது, பொடி சட்டுன்னு தண்ணியா ஓடுது, பக்கத்து கண்ணிக்கு ஒண்ணும் ஆகல. பொடி சீக்கிரம் உருகணும்னா வேற உலோகம் கலந்தே ஆகணும், அதான் பத்த வைக்க வைக்க டச் எறங்குது. காட்மியம் சேத்தா டச் எறங்காதுன்னு தான் ஒரு காலத்துல கேடிஎம் கேடிஎம்னு விளம்பரம் பண்ணாங்க, அந்த விஷப் புகைய தெனமும் இழுத்தது வாங்குனவங்க இல்ல, ஊதுன ஆளுங்க.

ஊதிட்டே பழைய கதையும் வந்துச்சு. 1963ல அப்போ நிதி மந்திரியா இருந்த மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல நகை செய்யக்கூடாதுன்னு போட்ட ஆர்டர்ல அவங்க அப்பா வேலை இல்லாம கொஞ்ச நாள் மூட்டை தூக்குனாராம். 68ல தங்கக் கட்டுப்பாட்டு சட்டம், அது 90ல தான் போச்சு, அதுவரைக்கும் அளவுக்கு மேல ஒரு துண்டு தங்கம் பட்டறைல இருந்தாலே கேஸ். அம்மா "ம்ம்"னு கேட்டுட்டு இருந்தாங்க, கண்ணு மட்டும் செயின்லயே.

நானே கேட்டுட்டேன், திருடணும்னா எங்க திருடுவாங்கன்னு. சிரிச்சுட்டு, பாலீஷ்லன்னாரு. வீட்டு வாசல்ல வந்து பாலீஷ் போட்டுத் தரேன்னு கேக்கற ஆளு ராஜ திராவகத்துல (தங்கத்தையே கரைக்கற ஆசிட்) முக்கி எடுப்பான், நகை பளபளன்னு வரும், கரைஞ்ச தங்கம் தண்ணியோட அவன் கூட போயிரும், எடை போட்டா தான் தெரியும். அப்புறம் சேதாரம். மெஷின்ல வர்ற செயினுக்கு 14% எங்க சேதாரம் ஆகுது, பட்டறைய கூட்டற மண்ணையே காசு குடுத்து வாங்கிட்டுப் போய் அலசி தங்கம் எடுக்கறாங்க, எதுவும் வீணா போறதில்லன்னாரு. அந்த பில்ல ஏசில உக்காந்து ஜூஸ் குடிச்சுட்டு வாங்கி மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கறோம், இவரு கைய மட்டும் பூதக்கண்ணாடி வச்சு பாக்கறோம்.

பொடி 120 மில்லி ஏறுச்சு, அரம் போட்டு பாலீஷ் பண்ணதுல 40 கொறஞ்சுது, கடைசி எடை 20.010. அரத்தூள பேப்பர்ல தட்டி எடை போட்டு 30 மில்லி, மடிச்சு கைல குடுத்துட்டாரு, மிச்சம் 10 பிரஷ்ல போயிருச்சு மன்னிச்சுக்கோங்கன்னாரு. கூலி பொடிக்கும் சேத்து 1,900. "இது இன்னும் 85க்குள்ள தான், 916னு யாருகிட்டயும் சொல்லி வித்துராதீங்க"ன்னு அவரே சொன்னாரு.

ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னா, ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு நாலு மணி நேரம், பில் கேட்டா துண்டு சீட்டு தான், போன் பண்ணா எடுக்கறதே இல்ல, பாத்ரூம் கிடையாது, ராஜ வீதில வண்டி நிறுத்த எடம் தேடறதுக்குள்ள உசுரு போயிரும், பஸ்ல போங்க. புது நகை செய்யக் குடுக்கறதா இருந்தா ஹால்மார்க் எப்படின்னு மொதல்லயே பேசிக்கோங்க, நாங்க ரிப்பேர் தான் பண்ணோம்.

கீழ எறங்கி வந்ததும் அம்மா நேரா எதிர்ல இருந்த இன்னொரு கடைக்குள்ள நுழைஞ்சு செயின எடை போட சொன்னாங்க. 20.010. அரத்தூள் பொட்டலத்தையும் பிரிச்சு வைக்க சொன்னாங்க, அந்த கடைக்காரரு அம்மாவ ஒரு மாதிரி பாத்தாரு. 30 மில்லி. வெளிய வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒண்ணும் பேசல, அப்புறம், "ரெண்டு பேரும் ஒரே தராசுக் கடைல வாங்கியிருப்பாங்களோ கண்ணு"ன்னாங்க.