மூளை வீக்கம்: மருந்தோடு காத்திருப்பதா, மண்டையோட்டைத் திறப்பதா?

மூளையின் நடுத்தமனி அடைபட்டு வரும் பெரிய பக்கவாதத்தில், பலரது உயிரைப் பறிப்பது பிறகு வரும் வீக்கம். இரத்தமின்றிச் செத்த பகுதி பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களுக்குள் உப்பும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதனால் நல்ல பாதியும், மூச்சை நடத்தும் மூளைத்தண்டும் நசுங்கும்.

மருந்து வழி என்றால் மூளையிலிருந்து நீரை இழுக்கும் மேனிடால் அல்லது அடர்த்தியான உப்புக் கரைசல், தலையை 30 டிகிரி உயர்த்துவது, தேவைப்பட்டால் வென்டிலேட்டர். அழுத்தம் கொஞ்ச நேரம் குறையும், அவ்வளவுதான். ஸ்டீராய்டால் இந்த வீக்கத்துக்குப் பலன் இல்லை.

அறுவையில், பாதிக்கப்பட்ட பக்கம் குறைந்தது 12 செ.மீ. அகல எலும்பை எடுத்து, மூளையுறையையும் தளர்த்திவிடுகிறார்கள். எலும்பை உறைநிலையிலோ நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலோ பாதுகாத்து, பிறகு பொருத்துவார்கள். செத்த பகுதி இதனால் பிழைக்காது. கை கால் திரும்பிவிடும் என்று நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.

பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வுகளைச் சேர்த்து 2007-இல் வந்த அலசலில் 93 பேர், எல்லோரும் 60 வயதுக்குட்பட்டவர்கள். பக்கவாதம் வந்த 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களில் ஓராண்டு கழித்து 78 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 29. துணையின்றி நடக்கும் நிலையில் இருந்தவர்கள் அறுவையில் 43 சதவீதம், மருந்தில் 21. நடக்கவும் குளிக்கவும் ஆள் தேவைப்பட்டவர்களோ அறுவையில் 31 சதவீதம், மருந்தில் 2. இந்தக் கடைசிக் கணக்கையும் மருத்துவர் குடும்பத்திடம் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இந்த வயதினருக்கு நான் அறுவையின் பக்கம்தான். இடப்பக்க மூளை, பேச்சு போய்விடும் என்பதற்காக மட்டும் மறுப்பதை ஏற்க முடியவில்லை. பேச்சிழந்தவர்களுக்கும் அந்த ஆய்வுகளில் பலன் இருந்தது.

அறுபதைத் தாண்டினால் கதை வேறு. 2014-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அறுவையில் 33 சதவீதம், மருந்தில் 70. ஆனால் பிழைத்த எவருமே தன் வேலைகளை முழுதாகத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வரவில்லை. பெரும்பாலோர் படுக்கையிலோ பிறர் கையிலோதான். இங்கே நோயாளி நல்லாயிருந்தபோது என்ன சொல்லியிருந்தார் என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

எந்த வயதானாலும், கண்மணி விரிந்து நினைவு தப்பும்வரை காத்திருந்து அப்புறம் தியேட்டருக்கு ஓடுவது மிக மோசமான தேர்வு. சேர்த்த மருத்துவமனையில் நரம்பியல் அறுவை வசதி இல்லையென்றால், முதல் ஸ்கேனில் பெரிய அடைப்பு தெரிந்த அன்றே, வீக்கம் ஏறுமுன் இடம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.