வெளியே சமர்த்து, அறைக்குள் வம்பு: பிபி கன் குரோனோகிராஃப் அனுபவம்

குரோனோகிராஃப் விலை இறங்கியிருக்கிறதே, பிபி கன்னுக்கு ஒன்று வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டார். பிபி கன் என்றால் சின்ன எஃகு உருண்டைகளைச் சுடும் துப்பாக்கி. குண்டு இரண்டு ஒளி சென்சார்களைத் தாண்ட எடுக்கும் நேரத்தை வைத்து அதன் வேகத்தைச் சொல்லும் கருவிதான் குரோனோகிராஃப். போனில் ஆரம்பித்தால் வசவில்தான் முடியும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது மடக்கு வகை. இரண்டு சென்சாருக்கு நடுவே 30 சென்டிமீட்டர். சுடுவது டெய்ஸி 499. குழல் வாய் வழியாக ஒவ்வொரு குண்டாகப் போட, உள்ளே காந்தம் பிடித்து வைத்துக்கொள்ளுமே, அந்த இலக்குத் துப்பாக்கி. நொடிக்குச் சுமார் 240 அடி, அதாவது 73 மீட்டர் என்பது அதன் கணக்கு. மெல்லிய மேகம் போட்ட வானத்துக்குக் கீழே வைத்தால் இந்தக் கருவி தங்கம். எந்தக் குண்டும் தப்பாது, எண்களும் ஒட்டி ஒட்டி வரும்.

ஆனால் 5 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடுவது பெரும்பாலும் அறைக்குள்தானே! அங்கேதான் வம்பு. டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுக்குகின்றன. நமக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். அது தேடுவதே வெளிச்சத்தில் விழும் ஒரு துளி மங்கலை. குண்டோ சுமார் 4.4 மில்லிமீட்டர், சென்சாரைத் தாண்ட ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. போதாததற்கு எஃகின் பளபளப்பு வேறு. பக்கவாட்டில் விளக்கு இருந்தால் நிழல் காட்ட வேண்டிய குண்டு மின்னிவிட்டுப் போகும்.

திரையில் ஒன்றும் வராது, இல்லையென்றால் எரர், இல்லையென்றால் 600 அடி. 600 வந்தால் சிரித்துவிட்டு அடுத்த குண்டைப் போடலாம். 255 வந்தால்? துப்பாக்கியின் ஸ்பிரிங் நன்றாக இழுபட்டதா, விளக்கு விளையாடியதா? பொய் சொல்வதிலும் நம்பும்படி சொல்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். பழைய குண்டு பல்பு இரண்டை மேலே தொங்கவிட்டு, பல்புக்கும் சென்சாருக்கும் நடுவில் வெள்ளைக் காகிதம் வைத்த பிறகு பெரும்பாலும் அடங்கியது. இழை சூடாகவே இருப்பதால் அதன் ஒளி அவ்வளவாகத் துடிக்காது. இதைக் கையேட்டில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

நியாயமாகச் சொன்னால், துல்லியத்தில் குறை இல்லை. குண்டு 5 டிகிரி சாய்ந்து போனாலும் பிழை அரை சதவீதத்துக்குள்தான். மடக்கைச் சரியாக விரிக்காமல் 3 மில்லிமீட்டர் குறைந்தால் மட்டும் ஒரு சதவீதம் கூட்டிக் காட்டும். கார்பன் டை ஆக்சைடு பிஸ்டலை வைத்துப் பார்த்தது எதிர்பாராத சுகம்: கடகடவென்று சுட, வாயு குளிர்ந்து வேகம் படியிறங்குவது எண்ணிலேயே தெரிகிறது. சற்று ஆறவிட்டால் மறுபடி ஏறுகிறது. அப்புறம், எஃகுக் குண்டு தெறித்துத் திரும்பும். பின்னால் தளர்வாகத் துணி தொங்கவிடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கிட்டேயே போகாதீர்கள்.

இத்தனைக்கும் இலக்கில் என்ன வித்தியாசம்? வேகம் 73 மீட்டரிலிருந்து 70 ஆனால், 5 மீட்டரில் குண்டு கூடுதலாக இறங்குவது சுமார் 2 மில்லிமீட்டர். போட்டிக்குச் சுடுகிறவருக்கு அது பெரிது, ஸ்பிரிங் தளர்கிறதா என்று பார்க்கவும் உதவும். மற்றவர்களுக்கு இந்தத் தலைவலி தேவையே இல்லை.

ஆக, நல்ல கருவி, வாங்காதீர்கள். அறைக்குள் மட்டும் சுடுவதென்றால் சொந்த இன்ஃப்ராரெட் விளக்கோடு வரும் குழாய் வகையைப் பாருங்கள். அவற்றில் பல 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுக்காகச் செய்தவை, எவ்வளவு சிறிய குண்டு வரை பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். என்னுடையதை மட்டும் விலைக்குக் கேட்க வேண்டாம், தரமாட்டேன்.