டீ கவுன்டரில் சவுண்ட் பாக்ஸ்: ஒரு பேக்கரி மேனேஜரின் மதிப்பீடு

கோவையில் ஒரு பேக்கரிக்கு மேனேஜராக இருக்கிறேன். முன்பக்கம் டீ கவுன்டர், உள்ளே ஸ்வீட், கேக், பார்சல். இரண்டு இடத்திலும் சவுண்ட் பாக்ஸ், அதாவது க்யூஆர் ஸ்கேன் செய்து போட்ட பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி, இருக்கிறது. வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டோம். நிறைகுறைகள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாகவே இருக்கின்றன. அதனால் எந்த பிராண்ட் நல்லது என்று சொல்லப்போவதில்லை. கடை நடத்துகிறவருக்கு இந்தப் பொருள் எங்கே கை கொடுக்கிறது, எங்கே கை விடுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

யுபிஐ 2016-இல் வந்தது. க்யூஆர் அட்டை ஒட்டிய புதிதில், பணம் வந்த செய்தி முதலாளியின் போனுக்குத்தான் போகும். அவர் வெளியூரில் இருந்தால் டீ மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளர் நீட்டுகிற திரையைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியதுதான். அசல் ஆப் மாதிரியே பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் வந்தபிறகு அந்தத் தலையாட்டலுக்கும் அர்த்தம் இல்லாமல் போனது. சந்தேகம் வந்தால் முதலாளிக்கு போன் போட வேண்டும். அவர் எடுக்கும்வரை வாடிக்கையாளரை நிற்கவைக்க வேண்டும். இரண்டு பேருக்குமே சங்கடம்.

சவுண்ட் பாக்ஸ் தீர்த்தது இந்தச் சிக்கலைத்தான். டீ மாஸ்டருக்கு ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் போகணி, கண் முழுக்கப் பால் மேல். அவரிடம் சும்மா இருப்பது காது மட்டும். இதை வடிவமைத்தவர்கள் அதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். திரை கிடையாது, மெனு கிடையாது, கற்றுக்கொள்ள எதுவும் கிடையாது. சத்தம் கூட்டக் குறைக்கப் பட்டன், சார்ஜர் குத்த ஓர் ஓட்டை, அவ்வளவுதான். எங்கள் கடையில் கம்ப்யூட்டர் பில்லிங் பழக ஆட்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. இந்தப் பெட்டியை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

மேனேஜராக எனக்கு இன்னொரு விஷயம் ரொம்பப் பிடிக்கும். பணம் வந்ததா என்பது கவுன்டரில் நிற்பவருக்குத் தெரிகிறது. கணக்கில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிவதில்லை. யார் போனையும் யாரும் வாங்கிப் பார்க்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பையனை நம்பி கவுன்டரில் நிறுத்த முடிகிறது.

இப்போது குறைக்கு வருகிறேன். எங்கள் கடையில் டீ பதினைந்து ரூபாய். காலை ஏழு மணிக்கு கவுன்டர் முன்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். பெட்டி "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது யார் கொடுத்த பதினைந்து? "அண்ணா, போட்டாச்சுங்க" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொல்வார்கள், பெட்டி இரண்டு முறை பேசியிருக்கும். மாஸ்டர் "இன்னும் ஒண்ணு சத்தம் வரலீங்களே" என்பார். மூன்று பேரும் மறுபடி போனை எடுத்துக் காட்டுவார்கள். பெட்டி ஒரு தொகையைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்ததைச் சொல்லும் என்பதால், கூட்டத்தில் அறிவிப்புகள் பின்தங்கிப்போகும். பணம் போட்டவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அவருடைய பதினைந்து ரூபாய் சத்தம் வரும்.

பார்சல் கவுன்டரில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே ஒருவர் 347 ரூபாய்க்கு வாங்குவார், அடுத்தவர் 180-க்கு. தொகையைக் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பொருள் ஒன்றுதான், ஆனால் உள்ளே கச்சிதமாக இருப்பது வாசலில் தடுமாறுகிறது. பணம் போட்டவர் பெயரின் முதல் பாதியையாவது சேர்த்துச் சொன்னால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பெயர் சொல்வது சரியா என்றும் யோசிக்க வேண்டும். தொகையைச் சத்தமாகச் சொல்வதையே கூச்சப்படுகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக மருந்துக் கடைகளில்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பெட்டி பேசாத நேரம்தான். உள்ளே ஒரு சிம் இருக்கிறது. கம்பெனியின் சர்வர் அந்த சிம்முக்குச் செய்தி அனுப்பினால்தான் பெட்டி வாய் திறக்கும். பெட்டி சும்மா இருந்தால் பணம் வரவில்லை என்றும் இருக்கலாம், பணம் வந்து சிக்னல் இல்லை என்றும் இருக்கலாம். இந்த இரண்டையும் கவுன்டரில் நிற்பவரால் பிரித்தறிய முடிவதில்லை. மூலையில் மினுக்குகிற குட்டி விளக்கை யார் பார்க்கிறார்கள்? 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியதே, அன்றைக்கு எங்கள் பெட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாக போனைக் காட்டியவர்களை என் ஆட்கள் சந்தேகமாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரும் தினமும் வருகிறவர்கள். "யுபிஐ தடுமாறுகிறது, பணம் வந்தாலும் என்னால் சொல்ல முடியாது" என்று பெட்டியே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த மனக்கசப்பு வந்திருக்காது. சார்ஜ் குறைந்தால் சொல்லத் தெரிந்த பெட்டிக்கு சிக்னல் குறைந்தால் சொல்ல முடியாதா?

மொழி விஷயம் சுவாரசியமானது. பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரே மொழிதான். எங்கள் மாஸ்டருக்குத் தமிழ் வேண்டும், பார்சல் கட்டும் பையன்கள் ஒடிசாக்காரர்கள். தமிழிலேயே வைத்தோம். சில மாதத்தில் அந்தப் பையன்கள் நூற்று எண்பது, முந்நூற்று நாற்பத்தேழு என்று பிசகாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். குரல் எண்களைத் துண்டு துண்டாகக் கோர்த்துச் சொல்வது கேட்டாலே தெரிகிறது. ஆனாலும் உச்சரிப்பு தெளிவாக இருக்கிறது, கூட்டத்திலும் காதில் விழுகிறது.

அப்புறம் பெட்டியின் வாடகை. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரியிலிருந்து விதி. அதனால் கம்பெனிகளுக்குக் கடையிலிருந்து மாதாமாதம் வருமானம் வருகிற வழிகளில் இந்தப் பெட்டி முக்கியமானது. பேடிஎம் கொண்டுவந்ததை அடுத்து போன்பே, பாரத்பே, கூகுள் பே என்று எல்லாரும் இறங்கியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். வாடகை எங்களைப் போன்ற கடைக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் தானாகவே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு கம்பெனிக்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் எங்களிடம் வாடகை பிடித்தார்கள். திருப்பிக் கொடுக்கும்போது எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வங்கியில் அந்த ஆட்டோ டெபிட்டையும் ரத்து செய்யுங்கள்.

வாங்கப்போகிறவர்கள் ஏஜென்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக வந்த தொகையைத் திரும்பச் சொல்ல பட்டன் இருக்கிறதா? சிக்னல் போனால் எப்படித் தெரியும்? இரண்டாவதற்கு நல்ல பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

கவுன்டருக்கு ஒரு பெட்டி, ஒரு க்யூஆர் என்று தனித்தனியாக வையுங்கள். இரண்டு கவுன்டருக்கும் ஒரே பெட்டி வைத்தால் குழப்பம்தான். குட்டித் திரையோடு, ஒவ்வொரு பில்லுக்கும் தொகை போட்ட புது க்யூஆர் காட்டுகிற மாடலும் இருக்கிறது. அதில் எந்தப் பணம் எந்த பில்லுக்கு என்று பிசகாது. ஆனால் தொகையை யாராவது தட்ட வேண்டும், டீ மாஸ்டருக்கு ஏது கை? அதை உள்ளே பில்லிங் மேஜைக்குக் கேட்டிருக்கிறேன். வாசலில் பழைய பெட்டியே இருக்கட்டும், காலை ஏழு முதல் ஒன்பது வரை அதன் பக்கத்தில் ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்தியிருக்கிறோம்.