அமுங்கிப்போன டிரைவர் சீட்: மேலே மெத்தையா, உள்ளே புது ஸ்பாஞ்சா, சீட்டையே மாற்றுவதா?

பழைய லாரி வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்போம், டயரைத் தட்டுவோம், குனிந்து சேஸிஸைப் பார்ப்போம். டிரைவர் சீட்டைப் பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை. இரண்டு வாரம் ஓட்டிய பிறகு இடுப்புதான் சொல்லும். உட்கார்ந்தால் உடம்பு கதவுப் பக்கம் சரியும், தொடைக்கடியில் கம்பி உறுத்தும், ஸ்டியரிங்கின் மேல்வளைவு கண்ணை மறைக்கும்.

இதற்குப் பல வழிகள் உண்டு: மேலே ஒரு குஷன் போடலாம், கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடலாம், ஸ்பாஞ்சு முழுவதையும் மாற்றலாம், வேறொரு பழைய சீட்டைப் பொருத்தலாம், காற்றுப்பையிலோ இரும்பு ஸ்பிரிங்கிலோ மிதந்து அதிர்வைக் குறைக்கும் சஸ்பென்ஷன் சீட்டுக்கே போய்விடலாம். எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் எது அமுங்கியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் செலவு செய்தவர்கள்தான் ஒரே சீட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார்கள்.

சாதாரண சீட்டின் அடியில் இரும்புச் சட்டம் இருக்கும். அதில் பாம்பு போல வளைந்த கம்பி ஸ்பிரிங்குகளோ கம்பி வலையோ கட்டியிருக்கும். அதன்மேல் தடித்த துணி அல்லது சாக்கு, அதன்மேல் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு, கடைசியில் ரெக்சின் அல்லது துணி உறை. ஸ்பாஞ்சு என்பது மெல்லிய சுவர் கொண்ட நுண்ணறைகளின் கூட்டம். வருடக்கணக்கில் அமுங்கி அமுங்கி அந்தச் சுவர்கள் உடைகின்றன. வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். கதவுப் பக்க விளிம்புதான் முதலில் போகும், ஏறும்போதும் இறங்கும்போதும் உடல் எடை முழுக்க அதன்மேல் தேய்ந்து போவதால். நடுவிலிருக்கும் சாக்குத் துணி கிழிந்துவிட்டால், ஸ்பிரிங் கம்பி நேராக ஸ்பாஞ்சை அறுக்கத் தொடங்கும். சீட்டுக்கடியில் மஞ்சள் பொடி கொட்டிக் கிடந்தால் உள்ளே அதுதான் நடக்கிறது.

டார்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள். மேலிருந்து கையால் அழுத்துங்கள். சீட் முழுவதும் சமமாகத் தாழ்ந்திருந்தால் ஸ்பாஞ்சு களைத்துவிட்டது. ஓரிடம் மட்டும் குழி விழுந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது அதன் கொக்கி சட்டத்திலிருந்து கழன்றிருக்கும். சீட்டை இரு கையாலும் பிடித்து உலுக்கும்போது மொத்தமும் ஆடினால் கோளாறு சட்டத்தின் வெல்டிங்கிலோ, முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்திலோ, தரையில் பிடித்திருக்கும் போல்ட்டிலோ இருக்கிறது. இப்படி மொத்த சீட்டும் ஆடுவது பாதுகாப்புப் பிரச்சினை. அதைச் சரிசெய்யாமல் ஸ்பாஞ்சைத் தொடவே கூடாது.

மேலே போடும் குஷன்

உடனடி நிம்மதிக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் குழி அப்படியேதான் இருக்கும், குஷனும் அந்தக் குழிக்குள் சாயும். ஜெல் மெத்தை எடையைப் பரவலாகத் தாங்கும், ஆனால் சரிவை நிமிர்த்தாது. மணி கோத்த விரிப்பு காற்றோட்டம் தரும், அவ்வளவுதான். தடித்த, வழுக்கும் குஷனில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பில் படிந்திருக்க வேண்டும். திடீர் பிரேக்கில் குஷனோடு உடம்பு முன்னால் வழுக்கினால் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். ஆகவே வேலைக்கு வண்டியை நிறுத்த நாள் கிடைக்கும்வரை மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

ஒட்டுப் போடுவது

கதவுப் பக்க விளிம்பு மட்டும் போயிருந்தால் இது நியாயமான வழி. உறையைக் கழற்றி, பொடிந்த பகுதியைச் சுத்தமாக வெட்டியெடுத்து, அதே அளவில் புது ஸ்பாஞ்சுத் துண்டை ஒட்ட வேண்டும். பசையை மெல்லியதாக அடிக்க வேண்டும். தடித்துப் பூசினால் காய்ந்தபின் கட்டியாகி, உட்காரும் இடத்தில் கோடு போல உறுத்தும். கழன்ற ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டி, புதிதாகக் கெட்டித் துணி விரித்தால் அரைநாள் வேலை. உட்காரும் நடுப்பகுதியில் ஒட்டுப் போட நான் சொல்லமாட்டேன். புதுத் துண்டு நிமிர்ந்து நிற்கும், பக்கத்துப் பழையது மேலும் தாழும், சில மாதத்தில் நடுவே மேடு தெரியும்.

ஸ்பிரிங்குக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே பிளைவுட் பலகை செருகுபவர்கள் உண்டு. முதல் நாள் சீட் கெட்டியாக, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஸ்பிரிங்கின் வேலையைப் பறித்துவிடுகிறது. பள்ளத்தில் விழும் அதிர்ச்சி தண்டுவடத்துக்கு ஏறும். தயவுசெய்து வேண்டாம்.

ஸ்பாஞ்சு முழுவதையும் மாற்றுவது

சட்டம் நன்றாக இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். எல்லாம் ஸ்பாஞ்சின் தேர்வில் இருக்கிறது. அடர்த்தி வேறு, கடினம் வேறு. ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சின் எடை எத்தனை கிலோ என்பது அடர்த்தி. அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது கடினம். அடர்த்தி குறைந்த ஸ்பாஞ்சையும் கடினமாகத் தயாரிக்க முடியும். கடையில் விரலால் அழுத்தும்போது அது உறுதியாகத் தோன்றும், ஆனால் தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் சீக்கிரம் அமுங்கிவிடும். நீடித்து உழைப்பதைத் தீர்மானிப்பது அடர்த்திதான். ஓட்டுநர் சீட்டுக்கு 40 கிலோவுக்குக் குறைந்த அடர்த்தியை நான் எடுக்கமாட்டேன். கடினத்தை ஓட்டுபவரின் எடைக்கேற்ப பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

உங்கள் வண்டியின் மாடலுக்கு அச்சில் வார்த்த ஸ்பாஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள். உறையை இழுத்துக் கட்டும் கம்பிகளுக்கான பள்ளங்கள் அதில் தயாராக இருக்கும், விளிம்பின் வளைவும் சரியாக அமையும். கிடைக்காதபோது பலகையாக வாங்கிச் செதுக்க வேண்டியதுதான். அதற்குப் பழக்கப்பட்ட கை வேண்டும். வீட்டு மெத்தையில் மிஞ்சிய துண்டை வைத்துச் சமாளிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் அது படுத்த உடலின் பரவலான எடைக்குச் செய்தது. சீட்டில் எடையின் பெரும்பகுதி இரண்டு உட்காரும் எலும்புகளின்மேல் குவிகிறது.

புது ஸ்பாஞ்சைப் பழைய உறையின் உள்ளளவைவிடச் சற்றுப் பெரிதாக விடவேண்டும். அப்போதுதான் உறை சுருக்கமில்லாமல் இழுபடும். உறையைக் கழற்றுமுன் கம்பி வளையங்கள் எங்கெங்கே இருந்தன என்று படம் எடுத்து வையுங்கள், மாட்டும்போது நிறைய நேரம் மிஞ்சும். சீட்டுக்குள் ஏர்பேக், பெல்ட்டை இறுக்கும் சாதனம், சூடேற்றி ஆகியவை உள்ள வண்டியென்றால் பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே ஒயரைத் தொட வேண்டும். ஏர்பேக் உள்ள முதுகுப் பக்கத்தில் சாதாரண நூலால் தையலைப் பிரித்துத் தைக்கக் கூடாது. அங்கே உறை எந்த இடத்தில் கிழிய வேண்டும் என்பதும் வடிவமைப்பில் அடக்கம்.

காயலாங்கடைச் சீட்

அதே மாடலின் டிரைவர் சீட்டைத் தேடினால், அதுவும் அதே வயதில் அதே பக்கம் தேய்ந்துதான் இருக்கும். பக்கத்து இருக்கையைப் பாருங்கள். லாரிகளில் அதில் ஆள் உட்காருவது குறைவு. சில மாடல்களில் அதன் ஸ்பாஞ்சு டிரைவர் சட்டத்திலும் பொருந்தும். போல்ட் துளைகள், தண்டவாளம், பெல்ட் கொக்கி மூன்றையும் அளந்து பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். விபத்தில் நசுங்கிய வண்டியிலிருந்தும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்தும் எடுக்காதீர்கள்.

சஸ்பென்ஷன் சீட்

உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேல்கீழ் அதிர்வில் சுமார் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை (அதாவது வினாடிக்கு 4 முதல் 8 தடவை) உள்ளதற்குத்தான் மிகவும் நடுங்குகிறது. வெறும் ஸ்பாஞ்சு சீட் 4 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டவே செய்யும். புது ஸ்பாஞ்சும் இதற்கு விலக்கல்ல. காற்றுப்பையில் மிதக்கும் சீட்டின் இயல்பான அலைவு 1 முதல் 2 ஹெர்ட்ஸ்தான். அதனால் உடம்பை வதைக்கும் அதிர்வில் பெரும்பகுதியை அது கீழேயே விட்டுவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த நெறிமுறை, 8 மணி நேர வேலைக்கு உடல் முழுவதும் உணரும் அதிர்வு 0.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 1.15-ஐத் தாண்டவே கூடாது என்றும் சொல்கிறது. முதுகுவலியைச் சொகுசுக் குறையாக நினைப்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டுவேன்.

நாள் முழுக்கக் கரடுமுரடான பாதையில் ஓட்டுபவருக்கு இந்தச் செலவு தகும். ஆனால் கேபினில் உயரம் போதுமா, பெல்ட் சீட்டிலேயே பிடித்திருக்கிறதா அல்லது கேபின் சுவரிலா, காற்றுத் தொட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் காற்றுக் குழாயில் நேராகத் துளையிட்டு இணைப்பது ஆபத்து. துணைக் கருவிகளுக்கான பாதுகாப்பு வால்வு வழியாகத்தான் எடுக்க வேண்டும். காற்றே இல்லாத வண்டிக்கு இரும்பு ஸ்பிரிங்கில் இயங்கும் வகை உண்டு. எதுவானாலும் ஓட்டுபவரின் எடைக்கேற்ற அமைப்பைத் தவறாக வைத்தால் சீட் அடிதட்டி, சாதாரண சீட்டைவிட மோசமாகக் குத்தும்.

உங்கள் லாரியில் ஏற்கெனவே காற்று சீட் இருந்து அது தாழ்கிறதென்றால், ஸ்பாஞ்சைக் குறைசொல்லுமுன் சோப்புத் தண்ணீரைக் காற்றுப்பையிலும் குழாய் இணைப்புகளிலும் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் அங்கே கசிவு. கசிவில்லாமல் பள்ளம் தாண்டியபின் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்பைவிட உயரத்துக்கு வந்திருக்கும். ஆகவே தெருவில் இறங்குமுன் மூன்று கண்ணாடிகளையும் புதிதாகத் திருப்பி வையுங்கள். கிளட்ச்சை முழுவதும் மிதித்துப் பார்த்து, முழங்கால் கொஞ்சம் மடங்கியபடி இருக்குமாறு சீட்டை முன்னே நகர்த்திக்கொள்ளுங்கள்.